எனக்கும் ஒரு கூறு

பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருந்த ஒரே ஆசை, படுக்க வேண்டும் என்பதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வரை ஒரு கண் அயர்வதற்குள் பறந்து வந்துவிடலாம். சென்னையிலிருந்து பழவேற்காடு வருவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. ஒரு தோளில் உடுப்புப் பை, இன்னொரு கையில் ஐஸும் வெறும் குப்பிகளும் அடைத்த தெர்மோகோல் பெட்டி. பொன்னேரியில் பஸ் ஏறியதும் நடத்துநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மீன் பொட்டி பின்னாடி போணும்மா" என்றார். இதில் மீன் இல்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு ஐஸு?" என்று கேட்டார். களைப்பில் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்: கிருமி பிடித்துக்கொண்டு போவதற்கு. பஸ் நிறைய ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் கடைசி வரை காலியாகவே இருந்தது.

ஆனால் அதுதான் என் தொழில். யாழ்ப்பாணத்தில் நுண்ணுயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் கடல்நீரேரியில் உள்ள கிருமிகள் எந்தெந்த மருந்துக்குச் சாகின்றன, எதற்குச் சாகாமல் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரு மருந்தை அரைகுறையாக, திரும்பத் திரும்பக் கண்ட கிருமிக்கு அது பழகிப்போகும். பிறகு அந்த மருந்து அதற்குத் தேத்தண்ணி மாதிரி. எங்கள் ஏரியில் கண்டதைப் பழவேற்காட்டு ஏரியோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தப் பயணம். கேட்கும்போது பெரிய விஷயமாக இருக்கும். நடைமுறையில் பார்த்தால், சேற்றைக் குப்பியில் அள்ளிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற வேலை.

சென்னைச் சிநேகிதி ஒருத்தி அன்வரை ஏற்பாடு செய்திருந்தாள். ஆட்டோ ஓட்டுகிறவர், ஏரியைச் சுற்றி உள்ள எல்லாக் குப்பங்களிலும் அவருக்கு ஆள் பழக்கம். அவர் பிடித்துத் தந்த அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. ஜன்னலைத் திறந்தேன். எதிரே ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். "வேற அறை இல்லையோ?" என்று கேட்டேன். "இதான் மேடம் காத்தோட்டமான ரூமு. அவங்க உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றார் அன்வர். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையைக்கூட நீங்கள் என்றுதான் கூப்பிடுவோம். இங்கே முதல் நாளிலேயே மேடமும் நீயும் ஒரே வாக்கியத்தில் வந்தன. இரண்டாம் நாள் அது என் காதில் படுவது நின்றுவிட்டது.

காலையில் இட்லியும் வடகறியும். வடகறி என்ற ஒன்று இருப்பதை எங்களுக்கு யாரும் ஏன் சொல்லவில்லை என்று கோபமே வந்தது. அந்தக் கோபத்தோடு அன்வரின் ஆட்டோவில் ஏரிக்குப் போனேன்.

கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் பெண்கள் மார்பளவு தண்ணீரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மாதிரித் தெரிந்தது. உண்மையில் முழங்காலில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள்; இங்கே அதற்குப் பெயர் எறா. பனையோலையில் பின்னிய பறி ஒன்றின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதற்குள் போடுகிறார்கள். வாயில் கயிறு இருப்பதால் வேலை நேரத்தில் பேச்சே இல்லை. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் வானத்தில் நின்றன. எங்கள் ஏரியில் கம்பு நட்டுக் கட்டுகிற களங்கட்டி வலையும் வள்ளமுமாகப் பார்த்துப் பழகிய நான், வெறும் கையால் பிழைக்கிற இந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கரையிலேயே நின்றுவிட்டேன்.

சேற்று மாதிரி எடுக்க நானும் இறங்கினேன். இறங்கிய உடனேயே சிப்பி ஓடு உள்ளங்காலைக் கிழித்தது. நான் முனகினதைக் கேட்டு வரிசையில் மூத்தவரான தேசம்மா கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்தார். கரையில் உட்கார வைத்தார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, நனையாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்த சிவப்பும் கறுப்புமான ஒரு கேப்சூலை எடுத்தார். பட்டென்று இரண்டாக உடைத்து, உள்ளே இருந்த தூளை என் காலில் கொட்டப் போனார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, எரியாது. நாங்கல்லாம் இதான் போடறது."

"இது வேண்டாம், நான் கழுவிக் கட்டிக்கொள்ளுறன்" என்றேன். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அது. எறாவின் மூக்குமுள் கையில் குத்தினால், கெளுத்தி முள் ஏறினால், நண்டு கவ்வினால், எல்லாவற்றுக்கும் ஒரு கேப்சூலை உடைத்துத் தூவுகிறார்கள். ஒன்றை ஒருத்தி பாதி தூவிவிட்டு மீதியை அடுத்தவளுக்குக் கொடுக்கிறாள். நான் கடல் கடந்து தேடி வந்த ஆராய்ச்சிப் பொருள் இடுப்பு முடிச்சிலேயே இருந்தது. தேசம்மா உடைத்த கேப்சூலை வீணாக்க மனமில்லாமல் தன் கையில் இருந்த கீறலில் தூவிக்கொண்டார். நான் மறுத்ததில் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

வேலை முடிந்து எல்லாரும் கரையேறினார்கள். பறிகளை ஒரே தார்ப்பாயில் கவிழ்த்தார்கள். யார் பறி நிறைந்தது, யாருடையது காலி என்று யாரும் பார்க்கவில்லை. தேசம்மா கையால் அள்ளி அள்ளி வைத்தார். ஆளுக்கு ஒரு குவியல். அதற்குப் பெயர் கூறு. உடம்பு முடியாமல் வீட்டில் கிடந்த ஒருத்திக்கும் ஒரு கூறு வைத்தார். வரிசையில் செஞ்சம்மா என்று ஒருவர், நாற்பது வயது இருக்கலாம், காலையில் எனக்குக் கைபிடித்து ஏற உதவினவர். அவரிடம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, கடைசியில் மிஞ்சியதை உடைத்து எனக்கும் அன்வருக்கும் தந்தார். அவர்கள் தங்களுக்குள் பேசுகிற தெலுங்கில் ஒருத்தி என்னவோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். "இந்தம்மா எறா பிடிக்காம சேறு பிடிச்சிக்கினு போவுது, அதுல எப்படிக் கூறு போடறதுன்னு கேக்கறா" என்று அன்வர் மொழிபெயர்த்தார்.

பிஸ்கட்டை வாங்கும்போதுதான் செஞ்சம்மாவின் வலது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. துணியை மீறி விரல் வீங்கி, நிறம் மாறியிருந்தது. அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். கெளுத்தி முள் குத்தியது, ஆறவே இல்லை. எத்தனையோ கேப்சூல் தூவியாயிற்று. "இந்த வெரலு இல்லன்னா எறா தட்டுப்படாது யக்கா. மத்த வெரல்லாம் சும்மா வாரறதுக்கு. இதான் பாக்கற வெரலு" என்றார்.

எனக்கு நல்ல களைப்பு. நான் மனிதருக்கு வைத்தியம் செய்கிற டாக்டரும் இல்லை. தண்ணீர், சேறு, எறா, இவ்வளவுதான் என் திட்டத்தில் இருந்தது. ஆனாலும் பஞ்சுக் குச்சியை எடுத்து அந்தச் சீழைத் தொட்டு, குப்பியில் போட்டு மூடினேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். தண்ணீர் வற்றியிருக்கிற இந்த நாட்களை விட்டால் எறா ஆழத்துக்குப் போய்விடும், அப்புறம் போகிறேன் என்றார்.

அறையில் ஜன்னலடியில் என் தட்டுகளை வரிசையாக வைத்தேன். தட்டில் ஒரு கூழ். அதன் மேல் கிருமியைப் பூசி, வெவ்வேறு மருந்தில் தோய்த்த சின்னச் சின்ன வட்டத் தாள்களை ஒட்டி வைப்போம். மருந்து வேலை செய்தால் தாளைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவான வளையம் ஒன்று விழும். வேலை செய்யாவிட்டால் தாளின் ஓரம் வரை கிருமி வந்து மொய்த்துக்கொள்ளும். கிருமி வளர்க்கிற சூட்டுப்பெட்டி கொண்டு வரவில்லை. பழவேற்காட்டு வெக்கையில் அது தேவைப்படவும் இல்லை.

தட்டில் கிருமி முளைக்கும் வரை வேலை இல்லாததால் மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த அதே ஒல்லாந்தர்தான் இங்கேயும் வந்து, துணி வாங்கி, கோட்டை கட்டி, கொத்துக் கொத்தாகச் செத்திருக்கிறார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறை இருக்கிறது. கல் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது; எண்கள் தெரியும். பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் கழித்துப் பார்த்தால் அநேகம் பேர் இளவட்டங்கள், சிலர் பிள்ளைகள். "இவங்கல்லாம் இன்னாத்துல செத்தாங்க மேடம்?" என்று அன்வர் கேட்டார். காய்ச்சல், வயிற்றோட்டம், முள் குத்தின புண், என்ன வேண்டுமானாலும் இருக்கும் என்றேன். "முள்ளு குத்தியா?" என்று அவர் நம்பாமல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செஞ்சம்மாவின் விரல் ஞாபகத்துக்கு வந்தது, பயமாக இருந்தது.

மறுநாள் செஞ்சம்மாவின் சீழைப் பூசிய தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஏறக்குறையத் தாள்கள் எல்லாவற்றையும் கிருமி மூடியிருந்தது. தேசம்மா இடுப்பில் இருந்த மருந்து, அதன் அண்ணன், தம்பி, ஒன்றுக்கும் வளையம் இல்லை. கடைசி ஓரத்தில் ஒரே ஒரு தாளைச் சுற்றி மட்டும் நல்ல அகலமான வளையம். விஞ்ஞானியாக அந்தத் தட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இந்த மாதிரி ஒன்றைக் காண்பதற்குத்தான் வந்தேன். தட்டைப் படம் எடுத்துக்கொண்டு அன்வரைக் கூப்பிட்டேன்.

செஞ்சம்மாவை இழுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனோம். வழியில் ஆட்டோ நின்றுபோனது. அன்வர் இஞ்சினோடு உருதுவில் கதைத்துப் பார்த்தார், பிறகு தமிழில் திட்டிப் பார்த்தார். கடைசியில் நானும் செஞ்சம்மாவும் இறங்கித் தள்ளினோம். அவர் ஒரு கையாலேயே என்னைவிடக் கூடத் தள்ளினார். ஆஸ்பத்திரி டாக்டர் இளம் பெண். தட்டின் படத்தைக் கவனமாகப் பார்த்தார், தானும் விரலைச் சோதித்தார். படுக்கையில் சேரச் சொன்னார். செஞ்சம்மா முடியவே முடியாது என்றார். டாக்டர் பெருமூச்சு விட்டு, அந்த ஒரே மருந்தில் மாத்திரை எழுதித் தந்தார். முழுவதையும் விடாமல் போட வேண்டும், வீக்கம் ஏறினால் அந்த நிமிடமே வர வேண்டும் என்றார்.

எங்கள் ஊரில் மாத்திரையைக் குளிசை என்போம். திரும்பி வரும்போது ஆட்டோ இரைச்சலுக்கு மேலாகக் கத்திச் சொன்னேன். "இந்தக் குளிசை ஒண்டுதான் உங்கட விரலுக்குக் கேக்கும். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. விளங்குதோ?"

"இது ரொம்ப நல்ல மாத்திரையா யக்கா?"

"இதைவிட நல்லது இல்லை."

அவர் அட்டையை இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டார். நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன், ஆட்டோவிலேயே.

அதன்பிறகு மூன்று நாள் சுண்ணாம்புக்குளம் பக்கம் மாதிரி எடுக்கப் போனேன். போன படகு சேற்றில் தட்டி நின்று, தண்ணீர் ஏறும் வரை வெயிலில் காய்ந்தோம். படகுக்காரர் வீட்டில் நண்டுக் குழம்பு போட்டார்கள். நாங்கள் முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுவோம். இவர்கள் புளியும் மிளகுமாகக் கொதிக்க விட்டிருந்தார்கள். தோற்றுப்போனோம் என்று ஒப்புக்கொண்டேன். காய்ச்சல்காரி மாதிரி உடம்பு வலித்தது, ஆனால் மனசு லேசாக இருந்தது. செஞ்சம்மா இந்நேரம் எத்தனையாவது குளிசை போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி ஏரிக்கரைக்கு வந்தபோது பெண்கள் கூறு போட்டு முடித்து உட்கார்ந்திருந்தார்கள். செஞ்சம்மா கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. விரல் நுனி கறுத்திருந்தது.

"குளிசை எங்கை?"

"ஆயிப்போச்சி யக்கா."

"அதெப்படி முடியும்? எல்லாத்தையும் ஒரேயடியா போட்டனீங்களோ?"

"இல்ல யக்கா. கூறு போட்டோம்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. தேசம்மாதான் பொறுமையாகச் சொன்னார். அவள் கொண்டுவந்த மாத்திரை நல்ல மாத்திரை என்று தெரிந்தது. எல்லார் கையிலும்தான் புண் இருக்கிறது. அட்டையை வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாயிற்று. செஞ்சம்மா தன் பங்கைப் போட்டுவிட்டாள். பலரும் போட்டுவிட்டார்கள். புண் ஆறுகிற மாதிரித்தான் இருக்கிறது. சொல்லிக்கொண்டே இடுப்பு முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"உனுக்கும் ஒண்ணு எட்த்து வச்சிக்கீறேன். அன்னிக்கு அந்தப் பொடி வாணாம்னுட்ட. கால்ல காயம் கீது இல்ல."

பொட்டலத்தில் ஒரே ஒரு மாத்திரை இருந்தது.

அப்போது நான் கத்தினேன். கத்தக்கூடாது, ஆனால் கத்தினேன். இது எறா இல்லை, பிஸ்கட் இல்லை, ஒருவர் முழுக்க விழுங்கினால்தான் மருந்து, ஆளுக்கு ஒன்று விழுங்கினால் எல்லார் புண்ணிலும் உள்ள கிருமிக்கு இதையும் பழக்கிவிடுகிறீர்கள் என்றேன். பாதி யாழ்ப்பாணத் தமிழ், பாதி அழுகை. யாருக்கும் முழுதாகப் புரிந்திருக்காது. கோபம் மட்டும் புரிந்தது. செஞ்சம்மாதான் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாரும் என் கண்ணு முன்னால கைய ஒதறிக்கினு நிக்கறாங்கோ. அதுல நான் மட்டும் எப்படி யக்கா எட்த்து முழுங்கறது?"

ஆஸ்பத்திரிக்கு அன்வர் ஓட்டிய வேகத்தில் ஆட்டோ ஒரு முறைகூட நிற்கவில்லை. என் பங்கு மாத்திரையைச் செஞ்சம்மாவின் கையில் திருப்பி வைத்தேன். அவர் வாங்க மறுத்தார். நான் அதட்டின பிறகுதான் போட்டுக்கொண்டார். டாக்டர் கையைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, தலையில் கைவைக்கவும் இல்லை. எழுந்து போய் நரம்பில் மருந்து ஏற்ற ஏற்பாடு செய்தார்.

கை தப்பியது. ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

ஊருக்குப் புறப்படுகிற நாளில் பார்க்கப் போனேன். பெட்டி நிறையக் குப்பிகள், தலை நிறையப் பாரம், உள்ளங்காலில் காயம் ஆறி அரிப்பு. வார்டில் தேசம்மாவும் இன்னும் சில பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முறை வைத்து வந்து துணை இருக்கிறார்கள். ஒரு தூக்குச் சட்டியில் எறாக் குழம்பு. "டெய்லி அவ கூறு அவ வூட்டுக்குப் போய்க்கினு இருக்குது" என்றார் தேசம்மா. "எறங்கினாலும் எறங்காட்டியும் அவ கூறு அவளுக்கு. வெரலு எடுக்கும்போதுகூட அழல தெரியுமா, கல்லு மாதிரி இருந்தா."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். பழைய கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "அண்டைக்கு எல்லாத்தையும் நீங்களே போட்டிருந்தால் இந்த விரல் இருந்திருக்கும்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

செஞ்சம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்திருக்கும்" என்றார். "அன்னிக்கு அத்த நான் மட்டும் முழுங்கியிருந்தா, இன்னிக்கு இவங்கோ இங்க வந்து குந்தியிருப்பாங்களான்னு ரோசனையா கீது."

வருவார்கள் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

நர்ஸ் வந்தார். நரம்பில் ஏற்றுகிற மருந்து முடிந்துவிட்டதாம், இனி மாத்திரைதான், அதே மாத்திரை. செஞ்சம்மாவின் இடது உள்ளங்கையில் ஒன்றை வைத்துவிட்டு, "எங்க, என் எதிர்ல போடுங்க" என்றார். செஞ்சம்மா மாத்திரையைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, தரையில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியையும் பார்த்தார். அவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"முழுங்குடி" என்றார் தேசம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. "நாங்க யாரும் கேக்க மாட்டோம்."

செஞ்சம்மா வாயில் போட்டு விழுங்கினார். மாத்திரை உள்ளே போனதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.